கீற்றை எடுத்துவிட்டு மொட்டை மாடியில் என்ன போடலாம்?

கேள்வி: மதுரையில் எங்களுக்கு இரண்டு மாடி வீடு. மொட்டை மாடியில் 12-க்கு 20 அடியில் கீற்றுக் கொட்டகை போட்டிருக்கிறோம். மாமனார் சாயங்காலம் அங்கேதான் உட்காருவார். மழைநாளில் துணி காய்வதும் அங்கேதான். போன தீபாவளிக்கு எங்கிருந்தோ வந்த ராக்கெட் ஒன்று கூரையில் சொருகிக்கொண்டது. அன்று காலையில் மழை பெய்திருந்ததால் நாலு கீற்று கருகியதோடு போயிற்று. இந்த வருடம் கீற்றை எடுத்துவிடலாம் என்று இருக்கிறோம். ஒருவர் பச்சை வலை போடச் சொல்கிறார், இன்னொருவர் பாலிகார்பனேட் என்கிறார், கடைக்காரர் 'ஃபயர் ப்ரூஃப் ஷீட்' என்று ஒன்றைக் காட்டுகிறார். பக்கத்துக்கு மூங்கில் தட்டியும் தரைக்குச் செயற்கைப் புல்லும் போட ஆசை. எது தீப்பிடிக்காது? வெயிலும் தாங்க வேண்டும்.

பதில்: எடுத்துவிடுங்கள். புதுக்கூரைக்குப் பணம் சேரும்வரை கீற்று இருக்கட்டும் என்று மட்டும் நினைக்காதீர்கள். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக் கீற்றுப் பந்தல் எரிந்து மணமகன் உட்பட ஐம்பது பேருக்கு மேல் இறந்தார்கள். அதே வருடம் ஜூலை 16-ம் தேதி கும்பகோணத்தில் சத்துணவுச் சமையல் கொட்டகையில் பிடித்த தீ, பள்ளியின் கீற்றுக் கூரைக்கு ஏறியது. 94 குழந்தைகளை இழந்தோம். கீற்று என்பது காய்ந்த மெல்லிய ஓலைகளை இடையில் காற்று விட்டு அடுக்கியது. அடுப்பு பற்றவைக்க நாம் விறகை எப்படி அடுக்குவோமோ அதே அடுக்கு. பற்றிய பிறகு தண்ணீர் தேடிப் போக நேரம் கிடைக்காது. எரியும் ஓலைத் துணுக்குகள் காற்றில் பறந்து அடுத்த வீட்டு மாடியிலும் விழும்.

சரி, அதற்குப் பதில் என்ன? முதலில் அந்த 'ஃபயர் ப்ரூஃப்' என்ற சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம், ஏனென்றால் கடையில் மூன்று விதமான பொருள்களுக்கும் அதையேதான் சொல்கிறார்கள். ஒன்று, எரியவே எரியாதவை: ஓடு, செங்கல், கல், சிமெண்ட், இரும்பு, கண்ணாடி. இரண்டு, நெருப்பில் பிடித்தால் எரியும், நெருப்பை எடுத்ததும் தானே அணையும் பொருள்கள். பிவிசி இப்படி. நல்ல பாலிகார்பனேட்டும் ஓரளவு இப்படித்தான். மூன்று, ஒரு முறை பற்றினால் முழுக்கத் தீரும்வரை எரிகிறவை. இதிலும் உருகிச் சொட்டுகிற ஜாதிதான் மோசம், ஏனென்றால் மேலே எரிகிற தீயைச் சொட்டுச் சொட்டாகக் கீழே இறக்கிவிடும்.

உங்களுக்குச் சொன்ன பச்சை வலை இந்த மூன்றாம் ரகம். அது பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக், சுமார் 130 டிகிரியிலேயே உருகிவிடும். சில வருடங்களுக்கு முன் திருச்சியில் ஒரு வீட்டு மாடியை நேரில் பார்த்தேன். ராக்கெட் விழுந்தது வலையின் ஒரு மூலையில்தான். ஆனால் வலை சுருங்கிச் சொட்டிய சொட்டெல்லாம் கீழே இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் விழுந்து, நாற்காலி எரிந்து, பக்கத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. வலைக்குக் கீழே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை, அவ்வளவுதான். உங்கள் வீட்டில் அந்த இடத்தில் மாமனார் உட்காருவார் என்று எழுதியிருக்கிறீர்கள்.

கடைக்காரர் சொல்வதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பெரியவர் ஒருவர், திறந்த வெளியில், பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரோடு செய்ய வேண்டியது இது. மாதிரித் துண்டு கேளுங்கள், கொடுப்பார்கள். கட்டைவிரல் அளவு நறுக்கி, குறட்டால் பிடித்து, கீழே மணல் பரப்பி, ஓரத்தில் தீக்குச்சியைக் காட்டுங்கள். பத்து எண்ணியதும் குச்சியை எடுத்துவிடுங்கள். வலைத்துண்டு என்றால் மெழுகுவத்தி வாசனையோடு தொடர்ந்து எரியும், எரிந்துகொண்டே மணலில் சொட்டும். பிவிசி என்றால் குச்சியை எடுத்ததும் அணையும், ஆனால் மூக்கைக் குத்தும் புகை வரும்; குனிந்து முகராதீர்கள், அது அமிலப் புகை. ஓட்டுத்துண்டில் கரிதான் பிடிக்கும். இது ஆய்வகச் சோதனைக்கு ஈடாகாது. ஆனாலும் எதை மாடியில் ஏற்றக் கூடாது என்று தெரிந்துகொள்ள இது போதும்.

இனி கூரை. அந்த 'ஃபயர் ப்ரூஃப் ஷீட்' பெரும்பாலும் யூபிவிசி, அதாவது கெட்டியான பிவிசி ஷீட்டாக இருக்கும். தீயைப் பரப்பாது என்பது உண்மை. ஆனால் பிவிசி 80 டிகிரி பக்கத்திலேயே இளகத் தொடங்கிவிடும். அடியில் எரிகிற பொருள் இருந்தால் கூரை தொய்ந்து தலைமேல் இறங்கும். பாலிகார்பனேட்டிலும் தரம் பல விதம். வாங்குவதானால் பிளாஸ்டிக் எப்படி எரிகிறது என்று பார்க்கும் யூஎல் 94 சோதனையில் என்ன தரம் கிடைத்தது என்று தயாரிப்பாளரின் தாளைக் கேளுங்கள்; வி-0 என்றிருந்தால் நெருப்பை எடுத்த பத்து வினாடிக்குள் அணைகிறது என்று பொருள். வெளிச்சத்துக்காக இரண்டு ஷீட் இடையில் சேர்ப்பதோடு அதை நிறுத்திக்கொள்வேன். பழைய ஆஸ்பெஸ்டாஸ் எங்கிருந்தாவது மலிவாகக் கிடைக்கிறது என்றால் வேண்டாம். எரியாதுதான், ஆனால் கடும் சூட்டில் பட்பட்டென்று வெடித்துச் சிதறும். துளை போடும்போது பறக்கும் தூசி நுரையீரலுக்கு எமன்.

மதுரை வீட்டுக்கு என் முதல் தேர்வு மங்களூர் ஓடு. ஏற்கெனவே சூளையில் வெந்து வந்த பொருள், ராக்கெட் அதை என்ன செய்துவிடும்? வெயிலுக்கும் தகரத்தைவிட எவ்வளவோ இதம். அடியில் மரச்சட்டமும் ரீப்பரும் போடாமல் இரும்புக் குழாயில் செய்யச் சொல்லுங்கள். யோசிக்க வேண்டியது கனம். ஓடும் சட்டமும் சேர்த்து உங்கள் 240 சதுர அடிக்கு ஒரு டன்னைத் தாண்டும். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடியைச் சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவுக்குக் கணக்கிட்டுத்தான் கட்டுவது வழக்கம். ஆகவே பரவலாக உட்கார்ந்தால் தாங்கும். சிக்கல் கால்கள் நிற்கிற இடத்தில்தான். ஒவ்வொரு காலும் கீழே தூண் அல்லது பீம் இருக்கிற இடத்தில் நிற்க வேண்டும். வெறும் தளத்தின் நடுவில் நிறுத்தினால் விரிசல் விடும். கட்டிய இன்ஜினியரையோ வேறொருவரையோ கூப்பிட்டு ஒரு முறை பார்க்கச் சொல்லிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

கனம் ஒத்துவராது என்றால் கலர் ஷீட், அதாவது துத்தநாகமோ அலுமினியக் கலவையோ பூசி, மேலே வண்ணம் ஏற்றிய இரும்புத் தகடு. வெள்ளை அல்லது வெளிர் நிறம் எடுங்கள். உயரம் குறைந்த பக்கத்திலேயே ஒன்பது அடியாவது வையுங்கள், மேல்பக்கம் சூடான காற்று வெளியேற இடைவெளி விடுங்கள். பாதி வெக்கை அதிலேயே போய்விடும். காற்றுக்குத் தூக்கிக்கொண்டு போகாதபடி கால்களைத் தளத்தில் சரியாக போல்ட் அடிக்க வேண்டும்.

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். தகடு போட்டதும், "சூடு இறங்காம இருக்க அடியில ஃபாயில் ஒட்டிடலாம்மா" என்பார் ஃபேப்ரிகேஷன் செய்கிறவர். வெள்ளி மாதிரிப் பளபளவென்று இருக்கும். பார்த்தால் உலோகம் என்றுதான் தோன்றும். ஓரத்தைக் கிள்ளிப் பாருங்கள்: இரண்டு மெல்லிய பளபளப்புத் தாள்களுக்கு நடுவில் காற்றுக் குமிழி வைத்த பிளாஸ்டிக், இல்லாவிட்டால் வெள்ளை நுரை. இதுவும் பாலிஎத்திலீன்தான், பச்சை வலையின் சொந்தக்காரன். எரியாத கூரைக்கு அடியில் எரிகிற கூரை ஒன்றை நம் காசில் ஒட்டிக்கொள்கிறோம். பஃப் பேனல் என்று விற்கிற சாண்ட்விச் தகட்டின் நடுவில் இருக்கும் பாலியூரித்தேன் நுரையும் எரியக்கூடியதுதான். சூடு தடுக்க வேண்டுமென்றால் ராக்வூல் கேளுங்கள். பாறையை உருக்கி நூலாக்கிய பஞ்சு அது, தீயில் நிற்கும். ராக்வூல் வைத்த பேனலாகவே கிடைக்கிறது. விலை கூடுதல், வாங்கத் தகுந்தது.

கைப்பிடிச் சுவருக்கு வெளியே அழகுக்கு ஏசிபி ஷீட், அதாவது இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் வேறு பொருள் வைத்த பலகை, ஒட்டலாம் என்று யாராவது சொன்னாலும் இதே கேள்வியைக் கேளுங்கள்: நடுவில் என்ன இருக்கிறது? லண்டனில் கிரென்ஃபெல் கட்டடத்தில் 2017 ஜூனில் 72 பேர் இறந்தார்களே, அந்தச் சுவரை மூடியிருந்தது பாலிஎத்திலீன் நடுவில் வைத்த அலுமினியத் தகடு. வெளியிலிருந்து பார்த்தால் அலுமினியம்தான் தெரியும்.

பக்கத்துக்கு மூங்கில் தட்டி கூடவே கூடாது. செங்குத்தாக நிற்கிற காய்ந்த பொருளில் தீ ஏணியில் ஏறுவது போல ஏறும். தீ தடுக்கும் மருந்து அடித்த தட்டி என்று சொல்வார்கள். போராக்ஸ், போரிக் அமிலம் கலந்த கரைசல்கள் உண்மையிலேயே தீயை மட்டுப்படுத்தும், ஆனால் வெளியில் வைத்தால் இரண்டு மழையில் கரைந்து போய்விடும். அதற்குப் பதில் சுடுமண் ஜாலி, அதாவது துளை விட்ட சுடுமண் கல், வைத்துப் பாருங்கள். காற்று வரும், மறைவும் இருக்கும், மாலை வெயில் சல்லடையாக இறங்கும். கைப்பிடிச் சுவருக்கு மேல் மூன்றடிக்கு மேல் கட்டாதீர்கள், அதற்கும் இரும்புச் சட்டம் கொடுங்கள். கனம் வேண்டாமென்றால் வெல்டு மெஷ் என்ற இரும்புக் கம்பி வலை அடித்து முல்லையோ சங்குப்பூவோ ஏற்றிவிடுங்கள். பச்சைக் கொடியில் ஈரம் இருப்பதால் பொறி விழுந்தால் பற்றாது. காய்ந்த கொடியையும் சருகையும் வாரம் ஒரு முறை பறித்துப் போடுகிற ஆள் வீட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் தட்டிதான்.

செயற்கைப் புல்லும் பிளாஸ்டிக் நார்தான். ஒரு பொறி விழுந்தால் குழி விழுந்து அணையலாம். பெரிய தீ வந்தால் தரையோடு ஓடும். திருக்கார்த்திகைக்கு மாடியில் அகல் வைப்பீர்கள்தானே? எண்ணெய் சிந்தின இடத்தில் திரி ஒன்று சாய்ந்தால் போதும். தரைக்குத் தட்டோடு அல்லது வெள்ளைக் கூல் டைல் போடுங்கள். வீட்டுக்குள்ளும் வெக்கை குறையும். கடப்பா எரியாது, ஆனால் கறுப்பு. மதுரை மே மாதத்தில் வெறுங்காலை வைக்க முடியாது. உட்காருகிற இடத்துக்குக் கோரைப்பாய் ஒன்றை விரித்து, எழுந்ததும் சுருட்டி உள்ளே எடுத்துப் போய்விடுங்கள்.

பொருளைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது, அதை எங்கே வைக்கிறோம் என்பதும் இருக்கிறது. உங்கள் கொட்டகை மாடிப்படி அறையின் கதவை ஒட்டி இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான் இருக்கும், மழையில் நனையாமல் போகலாமே என்று. மாடியில் இருப்பவர் இறங்க அந்த ஒரு கதவுதான். புதுக்கூரையை அங்கிருந்து குறைந்தது நாலடி தள்ளி ஆரம்பியுங்கள். அந்தக் கதவுக்குப் பக்கத்தில் பழைய பேப்பர் கட்டு, அட்டைப்பெட்டி, தென்னை விளக்குமாறு எதுவும் வேண்டாம். ஓட்டுக் கூரையில் தண்ணீர்த் தாரை வைத்தால் ஐப்பசிக்கு முன் அதிலுள்ள சருகை வாருங்கள், ராக்கெட் பொறிக்குப் பிடித்த இடம் அது.

விளக்குக்கும் மின்விசிறிக்கும் கீழிருந்து எக்ஸ்டென்ஷன் இழுக்காமல் தனி எம்சிபி (மின்சுமை கூடினால் தானே அணையும் சுவிட்ச்), 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச்) போட்டு, எஃப்ஆர்எல்எஸ் என்ற, தீயைப் பரப்பாத, புகை குறைவாக விடும் வயரை இரும்புக் குழாயில் கொண்டுபோகச் சொல்லுங்கள். மாடியில் ஒரு குழாய்த் திருகும், கொட்டகையின் கடைசி மூலைவரை எட்டும் ஓஸும் எப்போதும் இருக்கட்டும். ஆனால் மின்சாரம் ஓடுகிற தீயில் தண்ணீர் அடிக்கக் கூடாது, முதலில் மெயினை அணைக்க வேண்டும். பெரிதானால் கீழே இறங்கிவிட்டு 101-க்குப் போன் செய்யுங்கள்.

தீபாவளிக்குள் புதுக்கூரை முடியாது என்றால், கீற்றை மட்டும் இறக்கிவிட்டுச் சட்டத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள். மாமனாருக்கு அந்த ஒரு மாதம் சாயங்காலம் வானம் பார்த்து உட்காருவது ஒன்றும் கஷ்டமாக இருக்காது. கீற்றின் மேல் தார்ப்பாய் மூடினால் போதும் என்று சிலர் சொல்வார்கள், அதுவும் பிளாஸ்டிக்தான். இறக்கின கீற்றை மாடி மூலையில் குவித்து வைக்காதீர்கள், தெருவில் போட்டுக் கொளுத்தவும் வேண்டாம். தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள், பாத்திக்கு மூடாக்குப் போட வண்டி கொண்டுவந்து எடுத்துக்கொள்வார்கள்.