பெண் வீட்டார் தேர்ந்தெடுத்த லென்ஸ்

கேள்வி: அண்ணா, கல்யாண போட்டோ எடுக்கிறேன். என்னிடம் இருப்பது பழைய 85 எம்.எம். எஃப் 1.8. இப்போது புதிய 85 ஒன்றும் வாங்கினேன். சோதனை முடிவுகளைப் பார்த்தால் புதியதுதான் மூலைக்கு மூலை ஷார்ப். ஆனால் ஆல்பத்துக்குப் படம் பொறுக்கச் சொன்னால், பெண் வீட்டார் பழைய லென்ஸ் படத்தையே தொடுகிறார்கள். எதை நம்புவது?
- வாசகர், பாலக்கோடு

பதில்: பெண் வீட்டாரை நம்புங்கள் தம்பி. காசு கொடுப்பவர்கள் என்பதற்காகச் சொல்லவில்லை.

சோதனை சார்ட், அதாவது லென்ஸைச் சோதிக்கப் படமெடுக்கிற கோடு போட்ட அட்டை, தட்டை. முகம் தட்டையா? ஃபுல் ஃபிரேம் (35 எம்.எம். ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவில் 85-இன் துளையை 1.8 வரை முழுதாகத் திறந்து இரண்டு மீட்டரில் நின்றால், தெளிவாக விழுகிற ஆழம் சுமார் 6 செ.மீ.தான். கண்ணில் ஃபோகஸ் வைத்தால் காது ஜிமிக்கியே மங்கிவிடும். மூலையில் இருப்பது சீரியல் பல்பும் வாழைமரமும். அது ஷார்ப்பாக இருந்து யாருக்கு என்ன? படத்தில் முக்கால்வாசி மங்கலான இடம். அந்த மங்கல் அழகா, அசிங்கமா என்று சார்ட் சொல்லாது.

ஸ்பெரிக்கல் அபரேஷனை, அதாவது லென்ஸின் ஓரத்தில் நுழைகிற ஒளியும் நடுவில் நுழைகிற ஒளியும் ஒரே இடத்தில் குவியாத குறையை, கொஞ்சம் மிச்சம் வைத்த லென்ஸில் பின்னணி ஒளிவட்டங்களின் ஓரம் கரைந்து போகும். அதே லென்ஸில் முன்னால் இருப்பவை முரட்டுத்தனமாக மங்கும், அதையும் கவனியுங்கள். நிக்கான் 1993-ல் கொண்டுவந்த 105 எம்.எம். டிசி (டிஃபோகஸ் கண்ட்ரோல், மங்கலைக் கட்டுப்படுத்துவது) லென்ஸில் இதைக் கூட்டிக் குறைக்கவே தனி வளையம் வைத்தார்கள்.

எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் இதைப் பார்க்கத் தோதான இடம் மாந்தோப்பு. சாயங்காலம், வெயில் இலை இடுக்கில் வரும்போது, பட்டுப்புடவை கட்டிய ஒருவரைத் தோப்புக்கு முன்னால் நிறுத்தி இரண்டு லென்ஸிலும் எடுங்கள். ஒவ்வொரு இடுக்கும் ஒரு வட்டமாக விழும். வட்டத்தின் ஓரம் கண்ணாடி வளையல் மாதிரி பளிச்சென்று இருந்தால், இலைக்காம்பெல்லாம் இரட்டைக் கோடாகி முகத்தை விட்டுக் கண் அங்கேயே ஓடும். அப்புறம் ஜரிகையைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஃபோகஸுக்கு முன்னால் ஊதா, பின்னால் பச்சை ஓரம் கட்டுகிறதா? இதில் உங்கள் பழையது தோற்கலாம். துளையை 2.8-க்குச் சிறிதாக்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும். இரண்டையும் 12-க்கு 18 பிரிண்ட் போட்டு, எது எந்த லென்ஸ் என்று சொல்லாமல் வீட்டில் காட்டுங்கள்.

அதற்காக சோதனையே வேண்டாம் என்று அர்த்தமில்லை. செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது செங்கல் சுவரை நேராக ஒரு படம் எடுங்கள். இடது பக்கம் தெளிவாக இருந்து வலது பக்கம் மங்கினால், உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கலாம். அங்கே அழகு பேசக் கூடாது, திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

கேள்வி: 50 எம்.எம்.-ல் மூக்கு பெரிதாக விழுகிறதே, லென்ஸ் கோளாறா?
- வாசகி, பர்கூர்

பதில்: இல்லைம்மா. முகம் ஃபிரேமை நிறைக்க வேண்டும் என்று ரொம்பக் கிட்டே போயிருப்பீர்கள். இரண்டு மீட்டர் தள்ளி நின்று எடுத்து, அப்புறம் கிராப் செய்யுங்கள்.