கேளுங்க, சொல்றோம்: காரில் போகும்போது குட்டிகளைச் சமாளிப்பது எப்படி?

மாரியம்மன் நோம்பி, கோடை விடுமுறை, குலதெய்வக் கோயில் என்று கார் ஓடிக்கொண்டே இருக்கும் காலம் இது. ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளோடு நெடுந்தூரம் போவதைப் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

"பையனுக்கு 20 மாசமாகுதுங்க. பெருந்துறையில இருந்து சென்னைக்குக் கார்ல போறோம், ஏழெட்டு மணி நேரமாகும். ஒரு எடத்துல உக்கார மாட்டான். பை நெறைய விளையாட்டுச் சாமான் வாங்கி வெச்சிருக்கறோம். போதுமுங்களா?"
– வாசகி, பெருந்துறை

போதும் என்ன, அதிகம். பையை அவன் கண்ணில் படாத இடத்தில், முன் சீட்டுக்குக் கீழே வையுங்கள். இந்த வயதில் ஒரு பொருள் பிடிபடுவது ஐந்து நிமிடம், மிஞ்சினால் பத்து. மொத்தத்தையும் மடியில் கொட்டினால் சங்ககிரி மலை கண்ணில் படுவதற்குள் எல்லாம் பழசாகிவிடும். எட்டு முதல் பத்துச் சாமான் போதும். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே எடுத்து ஒளித்துவிடுங்கள். காரில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் வெளியே வர வேண்டும். அவன் தூக்கி எறிகிற வரை காத்திருக்காமல், ஆர்வம் குறையும்போதே வாங்கி வைத்துவிட்டு அடுத்ததைக் கொடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து முதல் சாமான் மறுபடி வந்தால் அவனுக்கு அது புதுசுதான்.

என்ன சாமான் என்றால், இந்த வயதுக்குப் பிடித்த வேலைகள் மூன்று: இழுப்பது, ஒட்டிப் பிய்ப்பது, திறந்து மூடுவது. கடைப் பொம்மை இந்த மூன்றையும் அபூர்வமாகத்தான் தருகிறது.

இழுப்பதற்கு, காலியான ஈரத் துடைப்பான் டப்பா. திருப்பூர்ப் பக்கம் பனியன் கட்டிங் துணிக்குப் பஞ்சமில்லை. கைக்குட்டை அளவில் பல நிறத்தில் 15 துண்டுகள் வெட்டி, துவைத்துக் காயவைத்து உள்ளே திணியுங்கள். ஒவ்வொன்றாக உருவுவான், நீங்கள் திரும்பத் திணிப்பீர்கள். துண்டுகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு நீளக் கயிறாக்க வேண்டாம், கழுத்தில் சுற்றும்.

ஒட்டிப் பிய்ப்பதற்குக் காந்தப் படங்கள். இதற்கு எவர்சில்வர் தட்டை எடுத்துப் பலர் ஏமாறுகிறார்கள். நிக்கல் கலந்த நல்ல எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது. பிஸ்கட் டின் மூடியில் ஒட்டும், எடையும் குறைவு. மூடியின் விளிம்பில் துணி டேப் ஒரு சுற்று ஓட்டிவிடுங்கள். காந்தம் உள்ளங்கை அகலத் தகடாக இருக்கட்டும். பொத்தான் அளவுக் காந்தங்கள் கூடவே கூடாது. இரண்டை விழுங்கிவிட்டால் குடலின் இரு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துச் சுவரையே துளைத்துவிடும். விளக்கு எரிகிற, பாட்டுப் பாடுகிற பொம்மைகளில் இருக்கும் வட்ட பேட்டரியும் அதே அளவுக்கு ஆபத்து. உணவுக் குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் புண்ணாக்கிவிடும். பேட்டரி மூடி திருகாணி போட்டு இறுக்கியதாக இல்லையென்றால் அந்தப் பொம்மையை வீட்டிலேயே விடுங்கள்.

திறந்து மூடுவதற்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா, உள்ளே வாய்க்குள் போகாத அளவில் மூன்று மரச் சொப்பு. இவற்றோடு தண்ணீர் பேனாவால் தடவினால் நிறம் வருகிற அட்டைப் புத்தகம் ஒன்று. கிரேயான் வேண்டாம், வெயிலில் நின்ற காரில் உருகி சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். பந்து வேண்டவே வேண்டாம். உருண்டு போய் பிரேக் பெடலுக்குக் கீழே நின்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கீழே விழுந்துகொண்டே இருக்கும் பொம்மையை சீட்டில் கட்டலாம், ஆனால் நாடா ஒரு சாணுக்கும் குறைவாக இருக்கட்டும்.

இத்தனைக்கும் மேல், முன் சீட்டில் உட்கார்ந்து திரும்பித் திரும்பிப் பார்க்கிற அம்மாவால் ஒன்றும் ஆகாது. ஒரு பெரியவர் பின்னால், பக்கத்தில் இருக்க வேண்டும். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து நண்டு ஊர விடுவதற்கு ஈடான பொம்மை எந்தக் கடையிலும் இல்லை. ஒருவரே ஏழு மணி நேரம் செய்தால் எரிச்சல்தான் வரும், நிறுத்தும்போதெல்லாம் ஆள் மாறிக்கொள்ளுங்கள்.

சாமானைவிட நேரக் கணக்கு முக்கியம். காலை 5 மணிக்குத் தூக்கத்தோடு தூக்கிவந்து சீட்டில் வைத்தால் சேலம் வரை பெரும்பாலும் சத்தமிருக்காது. அங்கே இட்லி, பிறகு பிள்ளை அரை மணி நேரம் ஓடி விளையாடட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையை விழித்திருக்கும்போது தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிப்போட்டு உட்கார வைக்க வேண்டாம் என்கிறது. நெடுஞ்சாலையில் அது அப்படியே நடக்காது. விழித்திருக்கும்போது ஒன்றேகால், ஒன்றரை மணிக்கு ஒரு நிறுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தம் என்றால் குழந்தை 20 நிமிடம் காலால் ஓடுவது. ஓட்டலில் உயர நாற்காலியில் உட்கார வைத்து நீங்கள் டீ குடித்தால் அது நிறுத்தத்தில் சேராது. பங்க் வளாகம் இதற்கு ஆகாது, பின்னால் எடுக்கிற லாரிக்காரருக்கு இத்தனூண்டு குழந்தை தெரியாது. சுற்றுச்சுவரும் மரமும் உள்ள ஓட்டலாகப் பாருங்கள். பகல் தூக்க நேரத்தில் கார் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், ஆகவே மதியச் சாப்பாட்டை 12 மணிக்குள் முடித்துவிடுங்கள்.

வெயில் எந்தப் பக்கம் என்று பார்த்து சீட்டைக் கட்டுகிறவர்கள் குறைவு. பெருந்துறையிலிருந்து சேலம் வரை வடகிழக்காகப் போகிறீர்கள், காலை வெயில் வலப்புறம். திரும்பி வரும்போது தென்மேற்கு, மாலை வெயிலும் வலப்புறம்தான். ஆகவே குழந்தை இடப்பக்க ஜன்னலோரம். சாலையோரம் இறக்குவதற்கும் அதுதான் பத்திரம். கோவையிலிருந்து பொள்ளாச்சி வழியாகப் பழனி போகிறவர்களுக்கு இது மாறும். பொள்ளாச்சி வரை நேர் தெற்கு, காலை வெயில் இடப்பக்கம் அடிக்கும். அங்கே கண்ணாடியின் மேல் விளிம்பில் ஒரு வெள்ளைத் துண்டைச் செருகிக் கண்ணாடியை ஏற்றிவிடலாம். பக்கக் கண்ணாடியைப் பார்க்க ஓட்டுநருக்கு மறைக்காத அளவில்.

"பாப்பாவுக்கு ரெண்டரை வயசு. கார் சீட்ல உக்கார வெச்சாலே அழுகை. தாராபுரத்துல இருக்கற அம்மிச்சி (அம்மாவோட அம்மா), 'புள்ளைய மடியில வெச்சுக்காம இதென்ன கூண்டு'ன்னு சத்தம் போடறாங்க. பெல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி விட்டா பரவாயில்லீங்களா?"
– வாசகர், காங்கயம்

பரவாயில்லை என்று சொல்ல மாட்டோம். அம்மிச்சிக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்: மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி, நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் நின்றால், 10 கிலோ குழந்தை சுமார் 140 கிலோ எடை போல முன்னால் இழுக்கும். எந்தக் கையும் தாங்காது. 14 வயதுக்குட்பட்ட குழந்தை பெல்ட்டிலோ குழந்தை சீட்டிலோ இல்லாவிட்டால் ஓட்டுகிறவருக்கு 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவும் சொல்கிறது.

அழுகைக்கு மீண்டும் வருவோம். பல நேரம் பிள்ளை சீட்டை வெறுப்பதில்லை, ஏதோ ஒன்று உறுத்துகிறது. தோள்வார் கழுத்தை அறுக்கிறதா பாருங்கள். முன்னோக்கிய சீட்டில் வார் தோள் மட்டத்திலோ சற்று மேலேயோ கிளம்ப வேண்டும். பின்னோக்கிய சீட்டில் தோள் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ. குழந்தை வளர்ந்திருப்பாள், வார் ஆறு மாதத்துக்கு முந்தைய துளையிலேயே கிடக்கும். இறுக்கம் பார்க்க, காறை எலும்பின் மேல் வாரை இரு விரலால் கிள்ளுங்கள். மடிப்பு பிடிபட்டால் தளர்வு, பிடிபடாமல் விரல் நழுவினால் சரி. சீட்டின் அடிப்பாகத்தை ஆட்டினால் ஒரு அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது. ஜரிகைப் பாவாடையும் கெட்டி ஸ்வெட்டரும் வாருக்கு அடியில் வேண்டாம். கோயில் வாசலில் போய் மாற்றிக்கொள்ளட்டும். ஏர்பேக் உள்ள முன் சீட்டில் பின்னோக்கிய சீட்டை ஒருபோதும் கட்டாதீர்கள்.

பழக்குவதற்கு, பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே சீட்டைக் கழற்றிக் கூடத்தில் வையுங்கள். அதில் உட்கார்ந்துதான் கதை. பிறகு காரில் கட்டி, மளிகைக் கடை வரை ஒரு சுற்று. வார் மாட்டினால்தான் கார் கிளம்பும், கழற்றினால் நிற்கும். ஒரு முறை அழுகைக்கு இரங்கி ஓடும் காரில் கழற்றிவிட்டால், அழுதால் கழறும் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும், அப்புறம் மாதக் கணக்கில் பாடுதான். நிஜமாகவே அடங்கவில்லையென்றால் ஓரமாக நிறுத்தி, இறக்கி, ஐந்து நிமிடம் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி ஏற்றுங்கள்.

"வால்பாறை போலாம்னு இருக்கோம். மூணு வயசுப் பையன் ஆழியாறு தாண்டறதுக்குள்ள வாந்தி எடுத்தர்றான். மாத்திரை கொடுக்கலாமா?"
– வாசகி, பொள்ளாச்சி

அந்த மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவு, பெரியவர்களுக்கே குமட்டும். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'திரும்புகிறோம்' என்கிறது. கண் முன்சீட்டின் முதுகையோ கையிலுள்ள படத்தையோ பார்த்து 'நிற்கிறோம்' என்கிறது. இந்த முரண்தான் குமட்டல். இரண்டு வயதுக்குள் இது அபூர்வம், இரண்டிலிருந்து பன்னிரண்டு வரை அதிகம். ஆகவே மேலே சொன்ன சாமான் பை மலைப்பாதைக்குப் பொருந்தாது. ஆழியாறிலேயே புத்தகம், காந்தம், போன் எல்லாம் உள்ளே போகட்டும். தூரத்தில் குரங்கு, டீத் தோட்டம், எதிரே வரும் பஸ் என்று பார்வை வெளியே இருக்க வேண்டும். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவிடுங்கள், வாசனைத் திரவியத்தைக் கழற்றுங்கள்.

ஏறுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு இரண்டு இட்லி அல்லது கொஞ்சம் சந்தகை (இடியாப்பம் போன்றது). வெறும் வயிறும் ஆகாது, நிறையப் பாலும் ஆகாது. தூங்கும் நேரத்தில் மலையேறினால் பாதிக் கவலை தீரும். ஓட்டுகிறவர் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து மெதுவாகத் திருப்ப வேண்டும். வளைவுக்குள் பிரேக்கை மிதித்து உடனே ஆக்ஸிலேட்டரை அழுத்துவதுதான் பிள்ளையைக் கவிழ்க்கிறது. சுட்டிப் பையன் திடீரென்று அடங்கிவிட்டால், கொட்டாவி விட்டால், வெளுத்து எச்சில் ஒழுக்கினால், அடுத்த அகலமான இடத்தில் நிறுத்தி இறக்குங்கள்.

மாத்திரை குழந்தை மருத்துவர் எடை பார்த்துச் சொன்னால் மட்டும். பயண வாந்திக்குக் கடையில் கிடைக்கும் மாத்திரைகள் சிலவற்றில் உள்ள ப்ரோமெத்தசின், 2 வயதுக்குட்பட்ட குழந்தையின் மூச்சையே அடக்கிவிடக்கூடியது. தூங்கட்டும் என்று சளி மருந்து ஊற்றுவதும் அதே போலத்தான், எந்த வயதிலும் வேண்டாம்.

"போனைக் கொடுத்தா அமைதியா வர்றா. தப்புங்களா?"
– வாசகி, கோபி

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயதுக்கு நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஆகவே அந்த ஒரு மணியைக் கடைசி நீட்டத்துக்கு வைத்திருங்கள், புறப்பட்ட உடனே செலவழித்துவிட்டால் பிறகு கொடுக்க எதுவும் மிஞ்சாது. முன்பே இறக்கிவைத்த படமாக இருக்கட்டும், சிக்னல் போய்ச் சுற்றிக்கொண்டிருந்தால் அதற்கு ஒரு அழுகை. படம் முடிந்தவுடன் கையில் கொடுக்க வேறொன்று தயாராக இருக்க வேண்டும். பாட்டும் கதையும் ஸ்பீக்கரில் ஓடினால் அதற்கு இந்தக் கணக்கு இல்லை.

"வழியில கொறிக்க என்ன கொடுக்கலாம்? எங்க வீட்டுல நெலக்கடலையும் முறுக்குந்தான்."
– வாசகர், பல்லடம்

அவை உங்களுக்கு. நான்கு வயதுக்குக் கீழ் கடலை, பாப்கார்ன், கெட்டி மிட்டாய், முழுத் திராட்சை எதுவும் வேண்டாம், மூச்சுக் குழலை அப்படியே அடைக்கும். குலுங்கும் காரில், சாய்ந்த சீட்டில் அடைத்தால், முன்னால் இருப்பவருக்குச் சத்தம்கூடக் கேட்காது. வயிறு நிறையச் சாப்பாடு என்றால் காரை நிறுத்தி. ஓடும்போது பக்கத்தில் ஆள் இருந்தால் கனிந்த வாழைப்பழத் துண்டு, ஓரம் நீக்கிய பன், நீளவாக்கில் நான்காக நறுக்கிய திராட்சை. கச்சாயமும் ஒப்பட்டும் இனிப்பு என்பதைவிட பிசுக்கு என்பதுதான் தொல்லை, வாரில் ஒட்டினால் எறும்பு வரும். தண்ணீர் அடிக்கடி, இரண்டு மடக்காக.

"பிள்ளை அசந்து தூங்குது. எழுப்பாம, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிட்டு ரெண்டு நிமிசம் டீ குடிச்சுட்டு வந்தரலாமுங்களா?"
– வாசகர், கரூர்

கூடாது. நிறுத்திய கார் பத்தே நிமிடத்தில் பத்து டிகிரி வரை சூடேறும், கண்ணாடியை இரண்டு விரல் இறக்குவதால் பெரிய மாற்றம் இல்லை. குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட வேகமாகச் சூடாகும். ஒருவர் ஏ.சி.யோடு காரில் இருக்க, மற்றவர் போய் டீயைப் பார்சலாக வாங்கி வரலாம், குடிப்பது குழந்தையிடமிருந்து தள்ளி. வெயிலில் நின்ற காரில் மறுபடி ஏற்றும்போது வாரின் உலோக நாக்கை முதலில் உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள். கிளம்பும்போதே வாரின் மேல் ஒரு வெள்ளைத் துண்டு போட்டு வைத்தால் அந்தச் சூடும் ஏறாது.