சென்னை டீமிடம் சாஃப்ட்வேர் வேலையைக் கொடுத்தால் உண்மையில் எவ்வளவு மிச்சமாகும்?

கேள்வி: அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டல்லாஸில், லாரி டிஸ்பேட்ச் (லாரிகளுக்குச் சரக்கு ஒதுக்கி அனுப்பும்) நிறுவனம் நடத்துகிறேன். மொத்தம் 18 பேர். ஆர்டர், டிரைவர் கணக்கு, பில்லிங் எல்லாவற்றையும் ஒரே சாஃப்ட்வேரில் கொண்டுவர வேண்டும். இங்கே மணிக்கு 95 டாலர் கேட்கிறார்கள். சென்னையில் ஒரு நிறுவனம் 24 டாலருக்குச் செய்வதாகச் சொல்கிறது. இரண்டு தரப்புமே 2,500 மணி நேரம் ஆகும் என்கின்றன. பெரிய கம்பெனிகளெல்லாம் இப்படித்தானே செய்கின்றன, சென்னைக்கே கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்கலாம். ஆனால் உங்கள் தொழிலின் நெளிவுசுளிவு தெரிந்த ஒருவர், உங்கள் அலுவலகத்திலேயே, தினமும் அரை நாள் இந்த வேலைக்கென்று உட்கார வேண்டும். அப்படி ஒருவரை ஒதுக்க முடியாது என்றால் 10 டாலருக்குக் கிடைத்தாலும் கொடுக்காதீர்கள்.

டிடென்ஷன் கட்டணத்தையே எடுத்துக்கொள்வோம். சரக்கு ஏற்றும் இடத்தில் லாரி காத்துக் கிடந்தால் வழக்கமாக முதல் இரண்டு மணி நேரம் இலவசம், அதற்கு மேல் காசு. இதை நீங்கள் ஒரே வரியில் எழுதி அனுப்புவீர்கள். அதைப் படிக்கும் டெவலப்பர், லாரி வந்து சேர்ந்த நேரத்திலிருந்து கணக்கைத் தொடங்கிவிடுவார். 10 மணி அப்பாயின்ட்மென்ட்டுக்கு டிரைவர் 8:30க்கே வந்து நின்றால்? 10 மணியிலிருந்துதான் எண்ண வேண்டும் என்பது உங்கள் டிஸ்பேட்சருக்குச் சொல்லாமலே தெரியும். பக்கத்து அறையில் இருக்கும் டெவலப்பர் எழுந்துபோய் அவரிடம் கேட்டுக்கொள்வார். சென்னையில் காலை 10 மணிக்கு அதே சந்தேகம் வந்தால், டல்லாஸில் அப்போது முந்தின நாள் இரவு 11:30, குளிர்காலத்தில் 10:30. நீங்கள் எழுந்து பதில் அனுப்பும்போது அங்கே மாலையாகிவிடும். ஒன்று காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் தோன்றியபடி எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போக வேண்டும். டெட்லைன் நெருக்கும்போது பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கும். மாதங்கள் கழித்து வாடிக்கையாளர் பில்லைத் திருப்பி அனுப்பும்போதுதான் தப்பு வெளியே வரும்.

இதற்காகச் சென்னை டெவலப்பர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. அவர்கள் கேள்வி கேட்க வசதி செய்து தருவது உங்கள் பொறுப்பு. சென்னை நேரப்படி மதியம் 12 முதல் இரவு 9 வரை அந்த டீம் வேலை பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். உங்கள் காலை நேரத்தில் இரண்டு மணி நேரமாவது இரு தரப்பும் சேர்ந்து கிடைக்கும். அந்த இரண்டு மணி நேரம் உங்கள் ஆள் போனை எடுக்க வேண்டும்.

சரி, இப்போது பணக் கணக்கு. 24ஐயும் 95ஐயும் வைத்துப் பார்த்தால் முக்கால் பங்கு மிச்சம் போலத் தெரியும். என் கணக்கை இப்படிப் போடுவேன். முதல் ஆண்டில் திரும்பச் செய்யும் வேலையும் சேர்ந்து 2,500 மணி நேரம் 3,200 ஆகும் என்று வையுங்கள்: 76,800 டாலர். உங்கள் ஆள் வாரம் 20 மணி நேரம், ஆண்டுக்கு 1,000 மணி நேரம், சம்பளத்தை மணிக்கு 45 என்று கொண்டால் 45,000. எழுதிய கோட் (புரோகிராம்) சரியா என்று வாரம் ஐந்து மணி நேரம் பார்த்துச் சொல்ல உள்ளூர் சீனியர் ஒருவர் வேண்டும், மணிக்கு 95 வீதம் 50 வாரத்துக்கு அது 23,750. கூட்டினால் 1,45,550. உள்ளூரிலேயே கொடுத்தால் 2,37,500. அங்கேயும் உங்கள் ஆளின் நேரம் 400 மணியாவது போகும் என்றால் 2,55,500. ஆக மிச்சம் சுமார் 43 சதவீதம். இவை என் அனுமானங்கள்தான், உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். 43 சதவீதமும் நல்ல லாபமே. ஆனால் 75ஐ நம்பிப் பட்ஜெட் போட்டவர்கள்தான் பாதியில் பணமில்லாமல் நிற்கிறார்கள்.

அப்புறம் வரி. இதைப் பலர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கேள்விப்படுகிறார்கள். 2025 ஜூலையில் வந்த அமெரிக்கச் சட்டத்தின்படி, அமெரிக்காவுக்குள் நடக்கும் சாஃப்ட்வேர் உருவாக்கச் செலவை, வரி கட்ட வேண்டிய லாபத்திலிருந்து அந்த ஆண்டே முழுதாகக் கழித்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் நடக்கும் வேலைக்கு அந்தச் சலுகை இல்லை. அமெரிக்க வரிச் சட்டத்தின் 174ஆம் பிரிவின்படி 15 ஆண்டுகளில் பிரித்துத்தான் கழிக்க முடியும், முதல் ஆண்டில் ஓர் ஆண்டுப் பங்கிலும் பாதிதான். அதாவது சென்னைக்குக் கொடுக்கும் 76,800இல் முதல் ஆண்டு 2,560 மட்டுமே கழியும். 21 சதவீதம் கட்டும் கார்ப்பரேஷன் என்றால், லாபம் இருக்கும் பட்சத்தில், சுமார் 15,600 டாலர் வரியை முன்கூட்டியே கட்ட நேரும். பிற்காலத்தில் மெல்லத் திரும்பும், ஆனால் இந்த ஆண்டின் ரொக்கம் போய்விடும். ஒப்பந்தம் எப்படி எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்து இது மாறலாம். முடிந்த சாஃப்ட்வேரின் பராமரிப்புச் செலவு வேறு வகை. எனவே கையெழுத்துக்கு முன்பே உங்கள் சிபிஏவிடம் (கணக்குத் தணிக்கையாளரிடம்) காட்டுங்கள்.

கோட் யாருக்குச் சொந்தம் என்பதில் அலட்சியம் வேண்டாம். காசு கொடுத்ததாலேயே அது உங்களுடையதாகிவிடாது. இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்துடன் இருக்க வேண்டும். 19ஆம் பிரிவு இன்னும் நுணுக்கமானது: காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். டெக்சாஸ் நிறுவனத்துக்கு இந்தியாவுக்குள் மட்டும் உரிமை இருந்து என்ன பயன்? 'உலகம் முழுவதும், பதிப்புரிமைக் காலம் முழுவதும்' என்று எழுதி வாங்குங்கள். தகராறு வந்தால் அமெரிக்க நீதிமன்றத் தீர்ப்பை இந்தியாவில் நேரடியாக நிறைவேற்ற முடியாது. ஆர்பிட்ரேஷன் (நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் சொல்லும்) தீர்ப்பை நியூயார்க் ஒப்பந்தம் என்ற சர்வதேச உடன்படிக்கையின் கீழ் நிறைவேற்றலாம். அந்த ஷரத்தையும் சேருங்கள். கோடைச் சேமித்து வைக்கும் கிட்ஹப், சாஃப்ட்வேர் ஓடும் அமேசான் கிளவுட் ஆகிய கணக்குகள் முதல் நாளிலிருந்தே உங்கள் பெயரில் இருக்கட்டும்.

பெரிய கம்பெனிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஐடி வேலையில் சுமார் 90 சதவீதத்தை வெளியே கொடுத்திருந்தது. 2012இல் அதைத் தலைகீழாக்கி, 90 சதவீதத்தை உள்ளே கொண்டுவரப் போவதாக அறிவித்தது. வேறு பல நிறுவனங்கள் சென்னையிலும் பெங்களூரிலும் சொந்த மையமே திறந்துவிட்டன. அவர்கள் வழியை 18 பேர் நிறுவனம் அப்படியே பின்பற்ற முடியாது.

உங்களுக்கு ஏற்றது சின்னத் தொடக்கம். பில்லிங்கை மட்டும் ஆறு வாரத்துக்குக் காசு கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். முதல் வாரத்தில் எத்தனை கேள்வி வருகிறது என்று பாருங்கள். ஒன்றுமே வராவிட்டால் அந்த நிறுவனம் வேண்டாம். வேலை பார்க்கப் போகும் இருவரின் பெயரை ஒப்பந்தத்தில் கேளுங்கள். ஒருவர் விலகினால் அவருடைய நோட்டீஸ் காலத்துக்குள்ளேயே மாற்று ஆள் வந்து கேடி எடுக்க (வேலையைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள) வேண்டும், அந்த நாட்களுக்கு உங்களுக்குப் பில் வரக்கூடாது.