மழைக்கால பேக்கேஜுக்குப் பணம் கட்டலாமா?

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு 63 வயது, சர்க்கரை உண்டு. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து பசியே இல்லை, மூட்டுவலி வேறு. தெரிந்தவர் ஒருவர் 14 நாள் பஞ்சகர்மா (உடலைச் சுத்தப்படுத்தும் ஆயுர்வேத சிகிச்சை), கஞ்சி பாக்கெட், மூட்டுவலிப் பொடி எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய் என்கிறார். கட்டலாமா?"

கட்டாதீர்கள். அந்தக் கஞ்சி, கேரளத்தில் கர்க்கடக மாதம் குடிக்கும் மூலிகைக் கஞ்சி. கர்க்கடகம் என்பது நம்ம ஆடி, அங்கே அப்போது அடைமழை. நமக்கு ஆடியில் காற்றுதான். அப்போது விற்காமல் கிடந்த சரக்கோ என்னவோ, பாக்கெட்டில் தேதியைப் பாருங்கள்.

பஞ்சகர்மாவில் வஸ்தி, அதாவது ஆசனவாய் வழியாக மருந்து செலுத்துவது, மழைக்காலத்துக்கு உரிய சிகிச்சைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பசியே இல்லாதவருக்கு முதலில் பசியைத் திருத்த வேண்டும், அதையும் வைத்தியர் நாடி பிடித்து, நாக்கைப் பார்த்துச் சொல்ல வேண்டும், தரகர் அல்ல. வைத்தியம் பார்க்கும் என்னிடமே ஒரு தரகர் வந்து, ஆள் அனுப்பினால் தலைக்கு எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டார். புகார் கொடுக்கப் போனேன். இந்த அலுவலகம் இல்லை அந்த அலுவலகம் என்று நாலு நாள் அலையவிட்டார்கள், அதோடு சரி.

பொடி விஷயம் இன்னும் மோசம். இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் ஸ்டீராய்டு என்ற அலோபதி மருந்தைக் கலந்திருப்பார்களோ என்ற சந்தேகம்தான் எனக்கு வரும், அது சர்க்கரையை எகிற வைக்கும். லைசென்ஸ் எண், பேட்ச் எண், காலாவதித் தேதி இல்லாத எதையும் வீட்டுக்குள் விடாதீர்கள்.

மழையில் ஜீரணம் மந்தப்படும், வாதம் (உடம்பில் வாயுவின் கூறு) ஏறும்; பசியின்மையும் மூட்டுவலியும் ஜோடியாக வருவது அதனால்தான் என்கிறது ஆயுர்வேதம். பழைய அரிசியில் வடித்த சோறு, மிளகு ரசம், பயத்தம்பருப்பு, எல்லாம் சுடச்சுட. பகல் தூக்கமும் ராத்திரி தயிரும் வேண்டாம். மூட்டுக்கு வெதுவெதுப்பாக நல்லெண்ணெய். மழைக்காலத்தில் ஆற்று நீர் ஆகாது என்கிறது அஷ்டாங்க ஹிருதயம் என்ற பழைய ஆயுர்வேத நூல்; வைகைத் தண்ணீர் குழாயில் கலங்கி வருவதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, சுக்கு தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்துக் கொடுங்கள்.

உங்கள் அம்மா விஷயத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மூலிகைதானே என்று லேகியம் கொடுத்துவிடாதீர்கள், அதில் பெரும்பாலும் வெல்லமோ சர்க்கரையோ நிறைய இருக்கும். மூட்டுவலிக்கென்று கடையில் எடுத்துக் கொடுக்கும் தசமூலாரிஷ்டமும் வெல்லம் போட்டுப் புளிக்க வைத்தது, சாராயச் சத்தும் உண்டு. அந்தக் கஞ்சியிலும் வெல்லம் சேர்ப்பார்கள். "சுத்தமான தேன் சார்" என்பார்கள். சுத்தமான தேனும் சர்க்கரையை ஏற்றும். சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் அவரிடம் மறுபடி போகாதீர்கள்.

காய்ச்சல் வந்தால் மட்டும் கஷாயம் காய்ச்சிக்கொண்டு உட்கார வேண்டாம். டெங்கு சீசன், அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.