இறால் ஓட்டில் கருப்புப் புள்ளி வந்தால் ஆன்டிபயாடிக் வேண்டுமா?

தேவகோட்டை வாசகர் ஒருவரின் கேள்வி: "தொண்டிப் பக்கம் குத்தகைக் குளத்தில் வனாமி இறால் வளர்க்கிறேன். செக் ட்ரேயில் (தீவனம் தின்பதைப் பார்க்க வைக்கும் தட்டில்) ஏறும் சில இறால்களின் ஓட்டில் கருப்புப் புள்ளி தெரிகிறது. கடைக்காரர் ஆன்டிபயாடிக்கைத் தீவனத்தில் கலக்கச் சொல்கிறார். கோழிக்கு இருப்பதுபோல் இறாலுக்குத் தடுப்பூசி கிடையாதா?"

முதலில் தடுப்பூசி விஷயம். கோழியின் உடல் ஒரு கிருமியைச் சந்தித்தால் அதற்கென்றே எதிர்ப்புப் புரதம் செய்து, அந்த நினைவையும் வைத்துக்கொள்ளும். தடுப்பூசி வேலை செய்வது அதனால்தான். இறாலுக்கு அந்த ஏற்பாடே இல்லை. ஓடு, குடலின் உள்சவ்வு, இரத்த அணுக்கள் இவற்றை வைத்துத்தான் அது சமாளிக்கிறது. 'எஸ்பிஎஃப்' குஞ்சு என்பதும் குறிப்பிட்ட சில கிருமிகள் இல்லாத குஞ்சு என்றுதான் பொருள். அதற்கு நோயே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இனி அந்தக் கருப்பு. அதை உண்டாக்கியது இறால்தான். ஓட்டில் கீறல் விழுந்தாலோ, ஓட்டை அரிக்கும் பாக்டீரியா உள்ளே புகுந்தாலோ, இரத்த அணுக்கள் அந்த இடத்தில் கூடுகின்றன. பாக்டீரியாவின் சுவரில் உள்ள பொருட்களை அடையாளம் காணும் புரதங்கள் இறாலின் இரத்தத்தில் மிதக்கின்றன. அவை போய் ஒட்டியதும், துகள் நிறைந்த அணுக்கள் உள்ளே வைத்திருந்ததைக் கொட்டும். அதில் உறங்கிக் கிடந்த ஒரு நொதி விழித்து, ஃபீனால் ஆக்சிடேஸாக மாறி மெலனினை உண்டாக்கும். இடையில் பிறக்கும் வேதிப்பொருட்கள் கிருமியைக் கொல்லும். மெலனின் காயத்தை அடைக்கும். சந்தையில் ஐஸ் போதாத இறாலின் தலை கறுப்பதும் இதே நொதியால்தான். இந்த அடையாளம் காணும் புரதங்களை நம் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்திலும் பிரித்தெடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள்.

இதோடு, கிருமியை விழுங்கும் அணுக்களும் உண்டு. கிருமிகொல்லிச் சிறுபுரதங்களும் உண்டு. அவற்றில் பெனேடின் என்பதை 1997-இல் வனாமியிடமிருந்தே கண்டெடுத்தார்கள்.

ஆகவே அங்கொன்றும் இங்கொன்றுமாக, அடுத்த சட்டை உரிப்பில் போய்விடும் புள்ளிக்குப் பயப்பட வேண்டாம். உரித்த பிறகும் அதே இடத்தில் இருந்தால், அல்லது நாளுக்கு நாள் கூடினால், அடித்தரைக் கழிவையும் நெரிசலையும் பாருங்கள்.

எனக்கு அதிகம் கவலை தருவது வாய் வழியே போகும் விப்ரியோ என்ற பாக்டீரியா வகை. 'இஎம்எஸ்' என்று நீங்கள் கேள்விப்படும் நோயில், விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் வயிற்றில் இருந்தபடியே நச்சை விடுகிறது; அது ஈரலைச் சிதைத்துவிடும். இரத்த அணுக்கள் எவ்வளவு இருந்தும் அங்கே எடுபடாது. அதனால் தினமும் சில இறால்களை வெளிச்சத்தில் பிடித்துத் தலைப்பகுதியைப் பாருங்கள். ஈரல் பழுப்பாக, நிறைவாகத் தெரிந்தால் சரி. வெளுத்துச் சுருங்கி, குடலும் காலியாக இருந்தால் அன்றைக்கே உயிருள்ள இறாலை லேபுக்குக் கொண்டுபோங்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. லேப் ஆளிடம் ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள். மெல்லிய ஊசியால் வயிற்றுப்பக்கம் ஒரு துளி இரத்தம் எடுப்பார்கள். நிறமற்றோ லேசான நீலமாகவோ இருக்கும். அந்த நீலம் செம்பு கலந்த புரதத்தினுடையது. நல்ல இறாலின் துளி சீக்கிரமே கூழ்போல் இறுகும். நோயுற்றதில் தண்ணீராகவே நிற்கும்.

அணுக்களின் எண்ணிக்கையைக் குறைப்பவை விடியற்கால ஆக்சிஜன் பற்றாக்குறை, அம்மோனியா, திடீர் மழையில் உப்பு இறங்குவது. சட்டை உரித்த நாளில் ஓடும் மெத்தென்று இருக்கும் என்பதால் அப்போது இரட்டைக் கவனம் வேண்டும். அந்த இரவுகளில் நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரை நிறுத்தவே கூடாது. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே போக விடாதீர்கள். மழை பெய்தால் தீவனத்தைக் குறைத்து, மேல்நீரை வடியுங்கள். ஈஸ்ட்டிலிருந்து எடுக்கும் பீட்டா குளுக்கான் இரத்த அணுக்களைத் தூண்டும் என்பது உண்மை. ஆனால் மாதக்கணக்கில் இடைவிடாமல் கொடுத்தால் பலன் குறையும்.

ஆன்டிபயாடிக்கைத் தயவுசெய்து தொடாதீர்கள். குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் வகைகள் இறால் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. எச்சம் சிக்கினால் ஏற்றுமதிச் சரக்கு திரும்பி வரும். குடலில் உள்ள நல்ல பாக்டீரியாவும் சாகும்; காலியான இடத்தை விப்ரியோவே முதலில் பிடிக்கும். கடைக்காரர் பெயர் ஒட்டாத பொட்டலம் நீட்டினால் வாங்காமல் வந்துவிடுங்கள். லேப் முடிவு வரும்வரை உங்கள் குளத்து நீரையும் ஓடையில் திறந்துவிடாதீர்கள். பக்கத்துக் குளத்துக்காரர் அங்கிருந்துதான் தண்ணீர் ஏற்றுகிறார்.