காலணியிலிருந்து வந்த வசவு

கேள்வி: ஆம்பூரில் உள்ள காலணி ஆலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். நாங்கள் அனுப்பிய மாதிரி ஜோடிகளைப் பார்த்த வெளிநாட்டு வாடிக்கையாளர், தையல் 'ஸ்லிப்ஷாட்' ஆக இருப்பதாக எழுதியுள்ளார். 'ஸ்லிப்' என்றால் கைதவறுதல், 'ஷாட்' கிரிக்கெட்டில் வருவது. ஆகவே இது சிறு கைப்பிழையைக் குறிக்கும் மென்மையான சொல்தானே?
(வாசகர், பேரணாம்பட்டு)

பதில்: கிரிக்கெட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை, மென்மைக்கும் இல்லை. 'ஷூ' என்பதை ஆங்கிலத்தில் வினையாகவும் ஆள்வார்கள். அதிலிருந்து பிறந்த 'ஷாட்' (shod) என்னும் வடிவத்துக்குக் காலணி அணிந்த, லாடம் கட்டிய என்று பொருள். வார் இறுக்காமல் காலை அப்படியே நுழைத்துக்கொள்ளும் தளர்ந்த செருப்பை 16ஆம் நூற்றாண்டில் 'ஸ்லிப் ஷூ' என்றார்கள். அதை மாட்டிக்கொண்டு திரிபவர் 'ஸ்லிப்ஷாட்'. தோலும் காலணியுமாகப் பிழைக்கும் வட ஆற்காட்டுக்காரர் ஒருவர், இந்தச் சொல்லின் பூர்வீகத்தைக் கிரிக்கெட் மைதானத்தில் போய்த் தேடியதுதான் எனக்கு வியப்பு.

1608இல் அச்சேறிய ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' நாடகத்தில் விதூஷகன், மனிதனின் மூளை குதிகாலில் இருந்தால் அதற்குப் பனிப்புண் வரும் ஆபத்து உண்டல்லவா என்று மன்னனைக் கேட்டுவிட்டு, அப்படியானால் நீர் மகிழ்ச்சியாக இரும், உம் புத்தி ஒருநாளும் 'ஸ்லிப்ஷாட்' ஆகப் போகாது என்கிறான். புண்பட்ட காலுக்குத்தானே தளர்ந்த செருப்பு வேண்டும்? புத்தியே இல்லாதவருக்கு அந்தக் கவலை எதற்கு என்பது குத்தல். அங்கே அச்சொல் இன்னும் செருப்பை விடவில்லை. வீட்டுச் செருப்பைத் தேய்த்துக்கொண்டு வெளியே வருகிறவர் உடையிலும் அசட்டையாகத்தான் இருப்பார் என்ற எண்ணம் வலுத்து, 19ஆம் நூற்றாண்டில் அச்சொல், செய்யும் வேலையின் மீதும் எழுதும் நடையின் மீதும் ஏறிக்கொண்டது. (இதன் உறவான 'ரஃப்ஷாட்', வழுக்காமலிருக்க லாடத்தில் ஆணித்தலை துருத்தி நிற்கும் குதிரைக்கு உரியது, பிறரை மிதித்துக்கொண்டு போவதற்கு அதைச் சொல்வார்கள்.)

'கேர்லெஸ்' என்பது ஒரு நொடித் தவறுக்கும் பொருந்தும்; ஓரிடத்தில் தையல் விட்டுப்போயிருந்தால் அந்தச் சொல் போதும். 'ஸ்லிப்ஷாட்' என்பதோ, தொடக்கம் முதல் முடிவு வரை முறையைப் பற்றிய அக்கறையே இல்லாமல் ஏனோதானோவென்று செய்யப்பட்டது என்னும் குற்றச்சாட்டு. கடனே என்று செய்வதற்கு 'பெர்ஃபங்க்டரி' என்று வேறு சொல் இருக்கிறது. அதில் முறை குறையாமல் இருக்கலாம், மனம்தான் இராது. உங்கள் வாடிக்கையாளர் குறை கண்டது முறையிலேயே.

ஆகவே 'சிறு கைப்பிழை' என்று சமாதானம் எழுதாதீர்கள். தையலை யார், எந்தக் கட்டத்தில் சரிபார்க்கிறார்கள், இனி அது எப்படி மாறும் என்பதை எழுதுங்கள். அந்தச் சொல்லையே எடுத்தாள்வதானால் கடைசி எழுத்து 'டி' (d) என்பதை மறவாதீர்கள். கிரிக்கெட் 'ஷாட்'டில் வரும் 'டீ' (t) போட்டு எழுதினால், தையலுக்குக் கொடுத்த பட்டத்தை அவர் கடிதத்துக்கும் கொடுத்துவிடுவார்.