மெர்ச்சண்டைசிங் படிக்க வரையத் தெரிய வேண்டுமா?

பிளஸ் டூ படிக்கும் மகள் ஃபேஷன் ரீடெயிலும் டிஜிட்டல் மெர்ச்சண்டைசிங்கும் (துணிக்கடையிலும் இணையக் கடையிலும் எந்தச் சரக்கை, எத்தனை, என்ன விலைக்கு விற்பது என்று திட்டமிடும் படிப்பு) படிக்க ஆசைப்படுகிறாள், ஆனால் ஒரு கோடுகூட நேராகப் போட வராதே என்று கவலைப்படுகிறீர்கள். அந்தக் கவலை வேண்டாம். இந்த வேலைக்கு வரைய வேண்டியதில்லை. அவளுக்குக் கணக்கில் விருப்பம் உண்டா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அல்ஜீப்ரா அளவுக்குப் போக வேண்டாம். சதவீதம், விகிதம், மளிகைக்கடைக்காரர் மனதில் போடும் கணக்கு, இவ்வளவுதான். ஆனால் அதை நாள் முழுக்க, எக்ஸெலில், அலுக்காமல் போட வேண்டும்.

மெர்ச்சண்டைசர் என்ற ஒரே பெயரில் மூன்று வேலைகள் இருப்பதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். திருப்பூர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர் என்றால் சரக்கை வாங்கும் வெளிநாட்டு பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் நிற்பவர். காஸ்டிங் போடுவார். லேப் டிப் எனும் சாய நிற மாதிரி, ஃபிட் சாம்பிள், சைஸ் செட், உற்பத்திக்கு முந்தைய பிபி சாம்பிள் என்று ஒவ்வொன்றுக்கும் அப்ரூவல் வாங்குவார். சரக்கு கிளம்பும் தேதிவரை எந்த வேலை எந்தத் தேதியில் முடிய வேண்டும் என்ற டி அண்ட் ஏ காலண்டரை வைத்துக்கொண்டு எல்லோரையும் துரத்துவார். லேப் டிப் அப்ரூவல் ஒரு வாரம் தள்ளிப்போனால் துணிக்குச் சாயமேற்றுவது தள்ளும், தையல் தள்ளும், கப்பலில் போக வேண்டிய சரக்கு கடைசியில் விமானத்தில் போகும். தாமதம் ஃபேக்டரி பக்கம் என்றால் அந்தச் செலவும் ஃபேக்டரி தலையில்தான்.

பல கிளைகள் உள்ள துணிக்கடையின் தலைமை அலுவலகத்தில் இருப்பவர் இரண்டாம் வகை. எந்தச் சரக்கு, எத்தனை, எந்தக் கிளைக்கு, என்ன விலைக்கு, எப்போது தள்ளுபடி என்பதெல்லாம் இவர் கணக்கு. மூன்றாமவர் இதே வேலையை இணையக் கடையில் செய்கிறார். இந்த மூவரைத் தவிர, கண்ணாடிக் கூண்டில் பொம்மைக்கு உடுத்தி அழகாக நிறுத்துபவரை விஷுவல் மெர்ச்சண்டைசர் என்பார்கள். அதற்கு மட்டும் கலைக்கண் வேண்டும். உங்கள் மகள் சொல்வது இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தது.

அந்தக் கணக்கு எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். ஒரு குர்தி, 4 நிறம், எஸ் முதல் டபுள் எக்ஸ்எல் வரை 5 சைஸ். ஆக 20 எஸ்கேயு, அதாவது தனித்தனியாகக் கணக்கு வைக்க வேண்டிய 20 வகை. 300 உருப்படி வாங்கி, சைஸுக்கு 60 என்று சமமாகப் பிரித்தாயிற்று. நான்கு வாரத்தில் 150 விற்றிருக்கிறது, அதாவது வாங்கியதில் விற்ற பங்கான செல்-த்ரூ 50%. பரவாயில்லை போலத் தெரியும். பிரித்துப் பார்த்தால் எம், எல் இரண்டும் 60க்கு 60 விற்று இரண்டாம் வாரமே தீர்ந்திருக்கின்றன. மற்ற மூன்று சைஸில் 180க்கு 30தான் போயிருக்கிறது. மொத்த எண்ணை மட்டும் பார்த்து அதே சமப் பிரிப்பில் மறு ஆர்டர் போடுபவர், விற்காத சைஸை இன்னொரு முறை வாங்குகிறார். எம் சைஸ் கேட்டு வந்து வெறுங்கையோடு போனவர்கள் எந்த ரிப்போர்ட்டிலும் வர மாட்டார்கள் என்பதையும் படிப்பு கற்றுத்தர வேண்டும்.

அடுத்தது ஓப்பன் டு பை, அதாவது இந்த மாதம் இன்னும் எவ்வளவுக்குச் சரக்கு வாங்கலாம் என்ற வரம்பு. எதிர்பார்க்கும் விற்பனை 40 லட்சம், தள்ளுபடியில் போகும் என்று ஒதுக்குவது 3 லட்சம், மாதக் கடைசியில் கையில் இருக்க வேண்டிய இருப்பு 60 லட்சம். கூட்டினால் 103. இதில் மாதத் தொடக்க இருப்பு 55, ஏற்கெனவே ஆர்டர் போட்டு வரவேண்டியது 20, இரண்டையும் கழித்தால் 28 லட்சம். எல்லாமே விற்பனை விலையில். கொள்முதல் விலையையும் விற்பனை விலையையும் ஒரே கூட்டலில் கலந்துவிடுவதுதான் புதிதாக வருபவர்கள் அதிகம் செய்யும் பிழை. ஆடித் தள்ளுபடிக்குப் பின்னாலும் இந்தக் கணக்குதான் இருக்கிறது. கல்யாணம் இல்லாத மாதத்தில் பழைய இருப்பைக் காசாக்கினால்தான் தீபாவளிச் சரக்குக்குப் பணமும் ரேக்கில் இடமும் கிடைக்கும்.

விலை வைப்பதில் வரியும் உள்ளே வரும். 2025 செப்டம்பர் 22 முதல் உருப்படிக்கு 2,500 ரூபாய் வரையிலான ஆடைக்கு ஜிஎஸ்டி 5%, அதைத் தாண்டினால் 18%. 2,600 ரூபாய்க்கு விற்கத் திட்டமிட்ட ஆடையை 2,499க்கு இறக்குவதா, துணியை மேம்படுத்தி 3,200க்குக் கொண்டுபோவதா என்பது உண்மையான மெர்ச்சண்டைசிங் கேள்வி.

இணையக் கடைக்கு வந்தால் அலமாரி என்பது திரைதான். அங்கே மூன்று எண்களைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். ஆடை பலர் கண்ணில் பட்டும் யாரும் தொடவில்லை என்றால் முதல் படத்திலோ விலையிலோ கோளாறு. தொட்டு உள்ளே வந்தவர்கள் கூடையில் போடவில்லை என்றால் சைஸ் சார்ட், துணி விவரம், ரிவ்யூ ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வாங்கிவிட்டுத் திருப்பி அனுப்பினால் படத்தில் தெரிந்த நிறமும் கைக்கு வந்த நிறமும் வேறாக இருக்கலாம், அல்லது அளவு பொய்யாக இருக்கலாம். ரிட்டர்ன் வந்த ஒவ்வொரு பார்சலுக்கும் போகவர கூரியர் செலவு உண்டு. அதனால் விற்பனை ஏற ஏற நஷ்டமும் ஏறும் சரக்குகள் உண்டு.

சின்னக் கவனக்குறைவும் இங்கே பெரிதாக அடிக்கும். கேட்டலாகில் ‘முக்கால் கை’ என்ற விவரத்தை நிரப்பாமல் விட்டால், முக்கால் கை என்று ஃபில்டர் போட்டுத் தேடுபவருக்கு அந்தக் குர்தி தெரியவே தெரியாது. கிடங்கில் சரக்கு இருக்கும், கடையில் இல்லாதது போலத்தான். இன்னொன்று, நன்றாக விற்ற ஆடையைப் பக்கத்தின் உச்சியிலேயே விட்டுவைப்பது. எஸ்ஸும் டபுள் எக்ஸ்எல்லும் மட்டும் மிஞ்சிய ஆடை முதல் வரிசையில் நின்றால், அந்த இடம் வீண்.

இனி எங்கே படிப்பது. தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டில் இதற்கு நேரான படிப்பு எம்.எஃப்.எம் (ஃபேஷன் மேலாண்மை) என்ற இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு. சென்னை தரமணி வளாகத்திலும் உண்டு. எந்தப் பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம். பி.டெஸ் என்ற வடிவமைப்புப் பட்டத்தில் சேர்பவர்களுக்கு உள்ள வரையும் தேர்வு இதற்குக் கிடையாது. கணக்கு, ஆங்கிலம், பகுத்தாய்வு, பொது அறிவு இருக்கும் ஜிஏடி தேர்வும் நேர்காணலும்தான். காலணி வடிவமைப்பு மேம்பாட்டு நிறுவனமான எஃப்டிடிஐயில் ரீடெயில் அண்ட் ஃபேஷன் மெர்ச்சண்டைஸ் என்ற பெயரிலேயே பிபிஏ, எம்பிஏ உண்டு. நுழைவுத் தேர்வின் பெயர் ஏஐஎஸ்டி. எல்லா வளாகத்திலும் எல்லாப் படிப்பும் இருக்காது, அதைப் பார்த்துக்கொண்டு பணம் கட்டுங்கள். கோவை பீளமேட்டில் மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் சர்தார் வல்லபாய் படேல் நிறுவனத்தையும் விசாரியுங்கள். பாரதியார் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் இருக்கும் பி.எஸ்சி காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன் நல்ல படிப்புதான். ஆனால் அதன் எடை துணி, பேட்டர்ன், தையல் பக்கம் சாயும். திருப்பூர் வேலைக்கு அது பொருந்தும். உங்கள் மகள் கேட்பதற்குப் பாதிதான் பொருந்தும்.

எங்களைக் கேட்டால், வரைவதில் நாட்டமில்லாத, கணக்கு வரும் பெண்ணுக்கு உள்ளூரில் நல்ல கல்லூரியில் பி.காமோ புள்ளியியலோ படித்துவிட்டு எம்.எஃப்.எம் போவதுதான் செலவும் ஆபத்தும் குறைந்த வழி. பதினேழு வயதில் எடுத்த முடிவு இருபதில் மாறினாலும் கையில் ஒரு பட்டம் நிற்கும்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்த்து மயங்காமல் சிலபஸைக் கேட்டு வாங்குங்கள். ரீடெயில் கணக்கு, எந்தெந்த வகைச் சரக்கை எவ்வளவு வைப்பது என்ற அசார்ட்மென்ட் பிளானிங், எக்ஸெல், டேட்டா அனலிடிக்ஸ் ஆகியவை தனித்தனிப் பாடமாக இருக்கின்றனவா, அல்லது ‘டிஜிட்டல் மார்க்கெட்டிங்’ என்ற ஒரே தாளில் சுருட்டி வைத்திருக்கிறார்களா? துணியைப் பற்றி ஒரு பாடமாவது இருக்க வேண்டும். ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) தெரியாதவர் எழுதும் சரக்கு விவரம்தான் ரிட்டர்னாகத் திரும்பி வருகிறது. இன்டர்ன்ஷிப் எத்தனை வாரம், யார் ஏற்பாடு செய்கிறார்கள் என்று கேளுங்கள். பிளேஸ்மென்ட்டில் அதிகபட்சச் சம்பளத்தைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். நீங்கள் குறைந்தபட்சத்தையும், எத்தனை பேர் தலைமை அலுவலகத்துக்கும் எத்தனை பேர் கடைத்தளத்துக்கும் போனார்கள் என்பதையும் கேளுங்கள். ஆறு மாதம் கடையில் நிற்பது நல்லதே. டிரையல் ரூமிலிருந்து வெளியே வருபவர் முகத்தில் தெரிவது எக்ஸெலில் தெரியாது. அங்கேயே மூன்று வருடம் நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான். ஒரு நாளைக்கு இத்தனை வரி என்று கேட்டலாக் நிரப்ப மட்டும் ஆள் எடுக்கும் இடங்களும் இப்படித்தான். ஒரு வருடத்துக்குமேல் அதில் கற்க ஒன்றுமில்லை.

வெளிநாட்டு ஆசை இருந்தால் ஒரு தகவல். பிரிட்டனில் ஃபேஷன் பையிங் அண்ட் மெர்ச்சண்டைசிங் பட்டங்கள் உண்டு, பாடமும் தரமானது. ஆனால் படித்து முடித்தபின் தங்கி வேலை தேடத் தரும் கிராஜுவேட் விசா, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் இளநிலை, முதுநிலை மாணவர்களுக்கு இரண்டு ஆண்டிலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. கடன் வாங்கி அனுப்புவதானால் இதையும் கணக்கில் வையுங்கள்.

பணம் கட்டும் முன் மகளுக்கு ஒரு மாத வேலை கொடுங்கள். மிந்த்ராவிலோ ஆஜியோவிலோ 30 குர்திகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு ஞாயிறும் விலை, தள்ளுபடி, நிறம், துணி, எந்தெந்த சைஸ் மிச்சம் என்று எக்ஸெலில் பதியட்டும். நான்காவது ஞாயிறன்று, எது ஏன் விற்றது, எதற்கு ஏன் தள்ளுபடி கூடியது என்று ஒரு பக்கம் எழுதட்டும். பிறகு உங்கள் ஊர்க் கடைக்குப் போய் அதே விலையில் என்ன கிடைக்கிறது என்று ஒப்பிடட்டும். இரண்டாம் வாரமே சலித்துப்போனால் ஒரு மாதத்துக்குள்ளேயே, செலவில்லாமல், பதில் கிடைத்துவிட்டது. சொல்லாமலே ஐந்தாவது ஞாயிறும் திறந்து உட்கார்ந்தால் தாராளமாகச் சேருங்கள். அந்த எக்ஸெலை அழிக்க வேண்டாம். நாளை இன்டர்ன்ஷிப் நேர்காணலில் காட்ட அதைவிட நல்ல போர்ட்ஃபோலியோ இல்லை.

நிஃப்ட் விண்ணப்பம் வழக்கமாக டிசம்பரில் திறந்து, தேர்வு பிப்ரவரியில் நடக்கும். பிளஸ் டூ ரிசல்ட் வருவது மே மாதம். அதனால் பி.டெஸ் அல்லது ஆடைத் தயாரிப்புத் தொழில்நுட்பப் பட்டமான பி.எஃப்டெக் பக்கம் கொஞ்சமாவது யோசனை இருந்தால் அரையாண்டுத் தேர்வு நேரத்திலேயே விண்ணப்பித்துவிட வேண்டும். பி.எஃப்டெக்குக்குப் பிளஸ் டூவில் கணிதம் கேட்பார்கள், அதையும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.